கடைசி ஆள் வரும்வரை
தம்பேதென்ன மலைச்சாலையில் ஓர் ஓட்டம்

யாழ்ப்பாணத்து நிலம் சமதரை. கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்தவர்களின் முன்பின் நடையை நீக்கிப் பார்த்தால், எங்கள் முன்னோரின் அன்றாட வாழ்வில் ஏறுவதும் இறங்குவதும் அரிது. மலை என்பது பாடப்புத்தகத்திலும் புராணத்திலும் வரும் பொருள். எனினும் ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் எமது நாடு பின்தங்கியதன்று. 1948 இல் லண்டன் ஒலிம்பிக் விழாவில் டங்கன் வைற் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கப் பதக்கம் வென்றார். 2000 ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க பதக்கம் பெற்றபோது நாடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தது.

வென்றவர்களின் பெயர்களை மாணவர் மனனஞ் செய்கின்றனர், அது நன்றே. ஆனால் உலகில் ஓடுகிறவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒருநாளும் வெல்லப்போகாதவர்கள். அவர்களுக்கென்று ஓர் ஓட்டக் கல்வி உண்டு. அது விளையாட்டு மைதானத்தில் வெள்ளைக் கோடுகளுக்கிடையில் கிடைப்பதன்று. ஊவா மாகாணத்தில், அப்புத்தளைக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துச் சாலையில் அதன் முதற் பாடத்தைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

மலைக்குப் போகும் வழி

நாற்பது வயதைக் கடந்தபின் ஓடத் தொடங்கியவன் நான். என்னுடன் பணியாற்றும் கணித ஆசிரியர் ஒருவரும் அப்படியே. அவருக்குச் சில ஆண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. நாள்தோறும் நடக்கும்படி வைத்தியர் சொன்னார். நடை மெல்ல மெல்ல ஓட்டமாயிற்று. அவருடைய பெயரை இங்கே தவிர்க்கிறேன். இதனை எழுதும்படி என்னைத் தூண்டியவரே அவர்தான். பிறருக்குப் பயன்படும் என்பது அவர் எண்ணம்.

2024 பெப்ரவரியில் எங்களிருவருக்கும் ஓர் அழைப்பு வந்தது. என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் இன்று பண்டாரவளைப் பகுதியில் ஆசிரியராக இருக்கிறார். அவரும் நண்பர்களும் ஞாயிறுதோறும் மலைச்சாலைகளில் ஓடுவது வழக்கம். "சேர், ஒருக்கால் வந்து பாருங்கோ, எங்கள் ரோட்டிலை ஓடினால் பிறகு யாழ்ப்பாணத்து ரோட்டெல்லாம் பாய் விரித்தது போல இருக்கும்" என்று எழுதியிருந்தார்.

இரவு பஸ்ஸில் கொழும்பு சேர்ந்து, காலையிற் புறப்படும் மலைநாட்டுப் புகையிரதத்தில் ஏறினோம். ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலப் பிரயாணம். 1867 இல் கண்டியை எட்டிய இருப்புப் பாதை பதுளையை எட்டியது 1924 இல். மலையைக் குடைந்தும் வளைந்தும் போக அத்தனை ஆண்டுகள் சென்றன. அட்டன், நானுஓயா எனத் தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறும் வண்டி, பட்டிப்பொல என்னும் நிலையத்தில் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தை அடைகிறது. இலங்கைப் புகையிரத நிலையங்களுள் இதுவே மிக உயர்ந்தது. அதற்கப்பால் ஒரு சுரங்கம். மேற்கே ஈரமும் மூடுபனியுமாக உள்ளே நுழைந்த வண்டி, கிழக்கே வேறொரு வெயிலுக்குள் வெளிவருகிறது. மலைத்தொடர் தென்மேற்குப் பருவ மழையைத் தடுத்து நிறுத்துவதால், ஊவாப் பக்கத்துக்கு அந்த மாதங்களில் வறண்ட காற்றே வந்து சேரும். ஊவாத் தேயிலையின் தனி மணத்துக்கு அந்தக் காற்றே காரணம் என்பர்.

அப்புத்தளை ஒரு முகட்டின் மேல் இருக்கும் சிறு பட்டினம். உயரம் 1,431 மீற்றர். கடைத்தெருவில் நின்று தெற்கே பார்த்தால் நிலம் சடுதியாகக் கீழே விழுந்து, சமவெளி நீல நிறமாக விரிந்து கிடக்கும். மாலையில் கீழிருந்து முகில் ஏறி வந்து தெருவைக் குறுக்கே கடந்து போவதைக் கண்டோம். என் நண்பர் கழுத்துச் சால்வையை இறுக்கிக்கொண்டு, "இங்கே மனிதர் முகிலுக்கு வழிவிட வேண்டியிருக்கிறது" என்றார்.

தோட்டத்துச் சாலை

அப்புத்தளையிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் தம்பேதென்னத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. தோட்டத்து மக்கள் அதனை ஸ்டோர் என்றே சொல்வர். 1890 ஆம் ஆண்டு இலங்கை வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் என்னும் ஸ்கொத்லாந்து வணிகர் அமைத்த தொழிற்சாலை அது. அங்கிருந்து மேலும் 7 கிலோமீற்றர் வளைந்து வளைந்து ஏறும் ஒடுங்கிய சாலை, 1,970 மீற்றர் உயரத்தில் லிப்டன் ஆசனம் எனப்படும் முனையில் முடிகிறது. தம் நிலங்களைப் பார்வையிட அவர் வந்து அமர்ந்த இடம் என்பதால் அப்பெயர்.

சாலையின் இரு மருங்கும் தேயிலை. கல் அடுக்கிக் கட்டிய அணைகள், மழைநீர் ஓடும் கான்கள், இடையிடையே லயங்கள், ஒரு சிறு கோயில், கொழுந்து நிறுக்கும் மடுவம். சாலை ஒரு பெரிய வளைவு எடுக்குமிடத்தில், மக்கள் நடந்து நடந்து தேய்ந்த குறுக்குப் பாதை ஒன்று செங்குத்தாக ஏறும். வாகனத்துக்குச் சாலை, மனிதருக்குக் குறுக்கு.

இந்த மலைகளுக்கு இம்மக்கள் எப்படி வந்தனர் என்பதை எம் மாணவர் அறிந்திருக்க வேண்டும். முதலில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியில் இறந்தவர் பலர். 1869 இற்குப் பின் இலைநோய் பரவிக் கோப்பி அழிந்தது; 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. அந்த நடையை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் மீண்டும் நடந்தனர். குழுவாகச் செல்லுதல் என்பதன் பொருளை இம்மலைகளுக்கு வெளியூரார் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்று விதிகள்

ஞாயிறு காலை ஆறேகால் மணிக்குத் தொழிற்சாலை வாயிலிற் கூடினோம். மொத்தம் பதினொருவர். ஒரு வங்கி ஊழியர், தபாற் கந்தோரில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், நெடுந்தூர ஓட்டப் போட்டிக்குப் பயிற்சி செய்யும் ஒரு பெண், ஆசிரியப் பயிற்சி பெறும் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் எனப் பலதரப்பட்டோர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம் ஒருவரும் இருந்தனர். மலைக்காற்று காதைக் கடித்தது.

குழுவின் தலைவராகிய என் பழைய மாணவர், புதியவர்களாகிய எங்களுக்கு மூன்று விதிகளைச் சொன்னார். முதலாவது: "ஓடேக்கை கதைக்க வேணும் சேர். கதைக்க ஏலாவிட்டால் நடவுங்கோ; வெட்கம் வேண்டாம்." இரண்டாவது: முன்னே போகிறவர்கள் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் திரும்பிக் கீழே ஓடி வந்து, கடைசி ஆளைத் தொட்டுவிட்டே மீண்டும் ஏற வேண்டும். மூன்றாவது: எவரும் தனியே ஓடலாகாது, புதியவர் ஒவ்வொருவருக்கும் பழகியவர் ஒருவர் துணை.

முதல் விதியின் காரணம் எளிது. ஏற்றத்தில் ஓடும் உடலுக்குச் சமதரையிலும் அதிகமாகப் பிராணவாயு தேவை. அப்படியிருக்க, அந்த உச்சியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைவு. ஒருவர் தடையின்றி ஒரு முழு வசனம் பேசக்கூடிய வேகத்தில் ஓடினால், இருதயமும் நுரையீரலும் தசைகளின் தேவைக்கு ஈடுகொடுக்கின்றன என்று கொள்ளலாம். வார்த்தைகள் துண்டுதுண்டாக வரத் தொடங்கினால், உடல் கடன் வாங்குகிறது என்பது பொருள். கைக்கடிகாரமோ கருவியோ வேண்டாம், நாவே அளவுகோல்.

என் துணை அந்தத் தோட்டத்துப் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் நாலு கிலோமீற்றர் ஏறியிறங்கிப் படித்தவர். ஏற்றத்தில் அவர் கால் வைத்த விதத்தைக் கவனித்தேன். அடிகள் குறுகியவை, பாதம் தரையை அதிகம் விட்டு எழவில்லை, உடல் சற்றே முன்சாய்ந்தது, வேகம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இதனை யாரிடம் கற்றீர் என்று கேட்டேன். "அம்மாகிட்ட சார். கொழுந்துக் கூடையோட மலை ஏறுறவங்க எட்டி வச்சா விழுந்துருவாங்க" என்றார்.

சமதரையில் ஓடிப் பழகியவன் ஏற்றத்தைக் கண்டதும் எட்டி அடிவைத்து அதனை விரைவில் முடித்துவிட எண்ணுகிறான். மலையோ முடிவதில்லை, ஒரு வளைவுக்கப்பால் இன்னொரு வளைவு. முடிந்துவிடும் என்று எண்ணாமல், எவ்வளவு நேரமும் இப்படியே போகலாம் என்னும்படி ஏறுவதே முறை என்பதை அவ்விளைஞரின் பாதங்கள் எனக்குக் காட்டின.

பேச்சு நின்ற இடம்

மூன்று கிலோமீற்றர் ஏறியிருப்போம். கிழக்கே வெளுத்து, தேயிலைச் செடிகளின் மேற்பரப்பு பொன்னிறமாயிற்று. நான் என் துணைவருடன் முன்னே. என் நண்பரும் தபாற் கந்தோர் இளைஞரும் எமக்குப் பின்னால் ஐம்பது அடி தூரத்தில். என் நண்பர் இயல்பாகவே பேச்சில் விருப்பமுள்ளவர். தொடக்கம் முதல் அவர் குரல் எங்கள் காதுவரை கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் குரல் நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. கவனித்தவர் அருகே ஓடிய அந்த இளைஞரே. விதிப்படி அவர் பேச்சுக் கொடுத்திருக்கிறார்: "சேருக்கு வீட்டிலை எத்தனை பிள்ளைகள்?" மறுமொழி வந்தது: "முப்பத்தெட்டு." பகிடி என்று எண்ணி இளைஞர் சிரித்தார். நண்பர் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு என்பது அவருடைய வகுப்பின் தொகை. இளைஞர் திரும்பிப் பார்த்தபோது, அந்தக் குளிர்காற்றிலும் நண்பரின் முகம் வியர்வையால் நனைந்திருந்தது, விரல்கள் நடுங்கின. உடனே அவரைக் கையிற் பிடித்து நிறுத்திக் குரல் கொடுத்தார்.

நாங்கள் ஓடிச்சென்று சேர்வதற்கும், முன்னே போனவர்கள் விதிப்படி திரும்பி வளைவில் தோன்றுவதற்கும் சரியாக இருந்தது. குழுத் தலைவர் ஒரே கேள்வி கேட்டார்: "காலையிலை என்ன சாப்பிட்டீங்கள்?" உடல் இலேசாக இருக்கட்டும் என்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு சீனியில்லாத தேநீர் மாத்திரமே குடித்திருந்தார் நண்பர்.

நீரிழிவு என்றால் இரத்தத்தில் சீனி கூடும் நோய் என்பதைச் சிறுவரும் அறிவர். அது சடுதியாகக் குறைந்தும் போகலாம் என்பதைப் பலர் அறியார். இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும், சீனியைக் குறைக்கும் சிலவகை மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. மருந்து ஒருபுறம் சீனியைக் குறைக்க, ஓடும் தசைகள் மறுபுறம் அதனை எரிக்க, வெறுவயிறு ஈடுகொடுக்க முடியாமற் போகிறது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பின்பு தடுமாறிய பேச்சு, அதற்கும் பின்பு மயக்கம். நினைவு இருக்கும்போதே விரைவில் சமிக்கும் சீனி ஏறக்குறைய 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டியளவு, வாயால் கொடுத்து, 15 நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். தேறாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதனையும் ஊற்றலாகாது. வைத்தியசாலைக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

எங்களிடம் தண்ணீர் இருந்தது, சீனி இல்லை. என் துணைவர் ஒரு சொல்லும் பேசாமல் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினார். கீழே ஒரு லயம். அதன் தகரக் கூரையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. சில நிமிடங்களில் அவருடன் ஒரு வயோதிப மாது, கையில் மூடிய கோப்பையுடன் அந்தச் செங்குத்தான பாதையில் ஏறி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மூச்சு சிறிதும் இரைக்கவில்லை.

"சாயத்தண்ணி சார், குடிங்க. சீனி நெறைய அள்ளிப் போட்டிருக்கேன்" என்றார்.

கால் மணி நேரத்தில் நண்பரின் முகத்துக்கு நிறம் திரும்பியது. முதலில் தன் பிள்ளைகள் இருவரின் பெயரையும் தெளிவாகச் சொன்னார். நாங்கள் கேட்காமலே சொன்னார். அதற்குள் அம்மாது இரண்டாம் முறை இறங்கி ஏறி, ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தார். சீனி உடனே தேற்றும். மீண்டும் குறையாமற் காக்க உணவு வேண்டும். இதனை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவரல்லர். தம் கணவருக்கும் அதே நோய் இருந்தது என்றார்.

நாங்கள் அணையில் அமர்ந்திருந்தபோது, அவர் எங்களைச் சற்று நேரம் பார்த்திருந்து கேட்டார்: "ஏங்க சார், யாரும் வெரட்டாமலே எதுக்கு இப்படி ஓடுறீங்க?"

இளைஞர்கள் சிரித்தனர், நானும் முறுவலித்தேன். ஆயினும் அக்கேள்வி இலேசானதன்று. நாற்பது ஆண்டுகள் முதுகிற் கூடையுடன் அந்த மலையை ஏறியிறங்கிய ஒருவருக்கு, தேகப்பயிற்சிக்காக மலை ஏறுதல் என்பது விளங்காமல் இருப்பதில் வியப்பில்லை. அவருக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. என் நண்பரே சொன்னார்: "எனக்கு ஒரு நோய் விரட்டுகிறது அம்மா." "அப்ப தின்னுட்டு ஓடுங்க" என்றார் அவர். வைத்திய ஆலோசனை அத்துடன் நிறைவுற்றது.

இறக்கம்

லிப்டன் ஆசனத்துக்கு இன்னும் நாலு கிலோமீற்றர் இருந்தது. வானம் தெளிவு. ஒன்பது பத்து மணிக்குமேல் கீழிருந்து முகில் ஏறிக் காட்சியை மறைத்துவிடும் என்பதால், உச்சி செல்வோர் காலையிலேயே செல்ல வேண்டும். பலமுள்ள ஆறு ஏழு பேர் அரை மணி நேரத்தில் ஓடி ஏறியிருக்கலாம். எங்களுடன் ஒருவரை விட்டுச் செல்வதும் பிழையாகாது. நான் அப்படியே சொல்லவும் செய்தேன்.

குழுத் தலைவர் தலையை அசைத்தார். "சேர், இண்டைக்கு எங்கடை மலை இவ்வளவுதான்" என்றார். போட்டிக்குப் பயிற்சி செய்த அந்தப் பெண்ணே முதலில் எழுந்து, கீழ்நோக்கித் திரும்பி நின்றார். அந்த வாரத்தில் அவருக்கு ஓடக் கிடைத்த ஒரே நாள் அது என்பதைப் பின்னரே அறிந்தேன். ஒருவர் முகத்திலும் தியாகம் செய்த பாவனை இல்லை. வழக்கமாகச் செய்வதைச் செய்பவர்களின் முகமே எல்லாருக்கும் இருந்தது.

பதினொருவரும் நடந்தே இறங்கினோம். மலையில் இறங்குதல் எளிது என்பது சமதரை மக்களின் எண்ணம். ஏறும்போது தொடைத் தசைகள் சுருங்கி உடலைத் தூக்குகின்றன. இறங்கும்போதோ அவை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கித் தடைபோட வேண்டும். தசை நார்களில் நுண்ணிய சிதைவு உண்டாவது இந்த வேலையிலேதான். அதன் நோவு அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படிக்கட்டில் இறங்கும்போது தெரியும். குறுகிய அடி, சற்றே மடிந்த முழங்கால், உடலைப் பின்சாய்க்காத நிலை ஆகிய மூன்றும் அந்நோவைக் குறைக்கும்.

எதிரே கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர், தலையிற் பட்டி கோத்த பைகளுடன் பேசிக்கொண்டே ஏறி வந்தனர். அவர்களுள் ஒருவர்கூடப் பேச்சை நிறுத்தவில்லை என்பதைக் கவனித்தேன். எங்கள் குழுவின் முதல் விதியை அம்மலை எப்போதோ எழுதி வைத்திருந்தது.

உச்சியில் அமர்ந்தவர்

மறுநாள் விடியற்காலை, வயிறு நிறைய உண்டபின், நானும் நண்பரும் நடந்தே லிப்டன் ஆசனம் சென்றோம். தெற்கே சமவெளி அடுக்கடுக்காக இறங்கிச் சென்றது. உடவளவை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடு போல மின்னியது. நான்கு புறமும் தேயிலை, அதற்கப்பால் காடு, அதற்கும் அப்பால் கடலோ வானமோ என்று தெரியாத ஒரு கோடு.

அங்கே ஓர் இருக்கையில் தேநீர்க் கோப்பையுடன் லிப்டனின் சிலை அமர்ந்திருக்கிறது. அவர் தேயிலையால் செல்வரானவர் என்பது யாவரும் அறிந்ததே. அவர் ஒரு பந்தயக்காரர் என்பதைச் சிலரே அறிவர். அமெரிக்கக் கிண்ணம் எனப்படும் பாய்க்கப்பற் போட்டிக்கு 1899 முதல் 1930 வரை ஐந்து முறை தம் கப்பல்களை அனுப்பினார். ஐந்து முறையும் தோற்றார். வெற்றியில் இறுமாந்த அமெரிக்க மக்களே, இத்தனை நல்லமுறையில் தோற்கத் தெரிந்த மனிதர் வேறில்லை என்று மகிழ்ந்து, பணம் சேர்த்து ஒரு பொற்கிண்ணம் செய்து அவருக்கு வழங்கினர். மறுவருடம், 1931 இல், அவர் காலமானார்.

தோற்றவருக்கும் கிண்ணம் உண்டு என்பது நல்ல செய்தியே. ஆனால் அங்கிருந்து கீழே பார்த்தபோது, சாலையின் ஒரு வளைவுக்குக் கீழ் லயத்தின் தகரக் கூரையும், அதிலிருந்து எழும் புகையும் கண்ணிற் பட்டன. இம்மலைமுழுதும் ஏறியிறங்கிய பாதங்களுக்கு எவரும் கிண்ணம் செய்ததில்லை. அவ்வீட்டிலிருந்து வந்த கோப்பை வெறும் பீங்கான். அதில் சீனி நிறைய இருந்தது.

தொடங்குபவர்களுக்கு

ஓடத் தொடங்கும் மாணவரும், என் வயதில் தொடங்கும் பெற்றோரும் இந்த மலையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவற்றைச் சுருக்கிச் சொல்லுகிறேன்.

பிறர் முதுகைப் பார்த்து ஓடாதீர்கள். உங்கள் மூச்சைக் கேட்டு ஓடுங்கள். முன்னே போகிறவருக்கு என்ன வயது, எத்தனை ஆண்டுப் பழக்கம் என்பதை அவர் முதுகு சொல்வதில்லை. ஏற்றத்தில் நடப்பது தோல்வியன்று. மலையில் ஓடிப் பழகியவர்களும் செங்குத்தான இடங்களில் நடக்கவே செய்கின்றனர். வெறுவயிற்றில் நெடுந்தூரம் ஓடாதீர்கள். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் தம் வைத்தியரைக் கேட்டு, எவ்வேளையில், எவ்வளவு உண்டு ஓடலாம் என்பதை அறிந்தே தொடங்க வேண்டும். சட்டைப்பையில் இனிப்பு இருக்கட்டும். தமக்குள்ள நோயைக் கூட ஓடுபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அதில் நாணத்துக்கு இடமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான பாடம் குழுவைப் பற்றியது. பலர் ஒரே சாலையில் ஒரே நேரத்தில் ஓடுவதால் மட்டும் குழு உண்டாவதில்லை. அது கூட்டம். முன்னே போகிறவர் திரும்பி வரும்போதே கூட்டம் குழுவாகிறது. அன்று என் நண்பரைக் காத்தது ஒருவருடைய வீரமன்று. அருகே ஓடியவர் பேச்சுக் கொடுத்ததும், முன்னே போனவர்கள் திரும்பி வந்ததும், வீட்டுக்காரர் கதவு திறந்ததுமே. ஆபத்து வந்தபின் எவரும் அவற்றைப் புதிதாகச் சிந்திக்கவில்லை. நல்ல நாட்களிலேயே வழக்கமாக்கி வைத்திருந்தனர். வகுப்பறைக்கும் குடும்பத்துக்கும் இதே கணக்குத்தான். முதல் மாணவனைக் கொண்டு வகுப்பை அளப்பது எமக்குப் பழக்கமாகிவிட்டது. கடைசி வாங்கில் இருப்பவன் எப்போது பேச்சை நிறுத்தினான் என்பதைக் கவனிக்க ஒருவர் வேண்டும்.

யாழ்ப்பாணம் திரும்பியபின் என் நண்பர் ஓட்டத்தைக் கைவிடவில்லை. வைத்தியரிடம் சென்று மருந்தின் நேரத்தையும் காலை உணவையும் ஒழுங்குசெய்துகொண்டார். ஞாயிறு காலைகளில் பண்ணைப் பாலத்துச் சாலையில், கடலேரியின் காற்று எதிரே வீச, எங்கள் மாணவர் சிலருடன் ஓடுகிறோம். அங்கே ஏற்றமுமில்லை, வளைவுமில்லை. எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும். ஆயினும் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் முன்னே ஓடும் பையன்கள் திரும்பி வருகின்றனர். வந்து, என் நண்பரின் தோளைத் தொட்டு, "சேருக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்கின்றனர். அவர் ஒருமுறையேனும் சரியான எண்ணைச் சொல்லாமல் விட்டதில்லை.